டர்பனிலிருந்து ஒரு தமிழ் பாப்-ராக் ஆல்பம்: முதல் வரி முதல் வெளியீடு வரை

என் முதல் ஆல்பத்தின் இரண்டாவது பாட்டை, மிக்ஸிங் (தனித்தனிப் பதிவுகளைக் கலந்து சமன்செய்வது) எல்லாம் முடிந்த பிறகு, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள வீட்டுக் கூடத்தில் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி: "அவன் எதுக்குடா வீட்டக் கேக்குறான்?"

நான் எழுதியிருந்தது "என்னை விடு". கோரஸில் உச்சஸ்தாயி 'வி'யின் மேல் விழுந்தது. நாலு எண்ணிக்கைக்கு இழுத்துப் பாடியிருந்தேன். அது "என்னை வீடு" ஆகியிருந்தது. ட்ரம்ஸ், பேஸ், மூன்று கிதார், பின்குரல் எல்லாம் அந்த இழுவையைச் சுற்றிக் கட்டியவை. குரலை மட்டும் மாற்றினால் ஒட்டாது. அந்தக் கோரஸ் முழுவதையும் திரும்பப் பதிவு செய்ய வேண்டி வந்தது. அதற்கான பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்கியிருக்கலாம்.

கையில் கிதாரும் சொந்தமாக எழுதிய பாட்டுகளும் வைத்துக்கொண்டு, பேண்டோடு ஒரு முழு ஆல்பம் போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேஷியா எங்கிருந்தாலும் சரி. மைக்கைப் பற்றிய பேச்சு பாதிக்கு மேல்தான் வரும். அதற்கு முன் வருவதைத் தாண்டிவிட்டு அங்கே போகாதீர்கள், நான் அப்படித்தான் போனேன்.

முதல் படி: இருபது எழுதி, பத்தை எடுங்கள்

ஆல்பம் என்பது பொதுவாகப் பத்துப் பாட்டு, 35 முதல் 42 நிமிடம். இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் நல்ல ஒலியோடு கொள்ளும். அந்தக் கணக்கே இன்றுவரை நிலைத்துவிட்டது. ஸ்பாட்டிஃபை ஏழு பாட்டாவது இருந்தால், அல்லது முப்பது நிமிடத்தைத் தாண்டினால்தான் ஆல்பம் என்று வகைப்படுத்துகிறது. அதற்குக் கீழே இருப்பது இ.பி. (சின்ன ஆல்பம்) அல்லது சிங்கிள்.

எல்லாவற்றையும் ஃபோனில் பாடிப் பதியுங்கள். கிதாரும் குரலும் மட்டும், வேறெதுவும் வேண்டாம். இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு பஸ்ஸிலோ சமையல் செய்யும்போதோ தானாக வாய்க்கு வருவது எது என்று பாருங்கள். மெட்டே வராத பாட்டை எந்த ட்ரம்மரும் காப்பாற்ற மாட்டார். ஒரே ஸ்ருதியில், ஒரே வேகத்தில் நாலு பாட்டு இருந்தால் இரண்டை எறியுங்கள். வரிகள் எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

இரண்டாவது படி: சொல்லின் நீளம், தாளத்தின் நீளம்

இங்கேதான் அதிகம் உட்கார வேண்டும். ராக் இசை ஆங்கிலத்தில் வளர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு அசையை அழுத்திச் சொல்வதுதான் முக்கியம். நீட்டினாலும் குறைத்தாலும் பெரும்பாலும் பொருள் மாறாது. தமிழில் நீளமே பொருள். கல் நீண்டால் கால். எரி நீண்டால் ஏரி. படம் நீண்டால் பாடம். வலி நீண்டால் வாலி. நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட ஆங்கிலப் பாட்டுகளின் மெட்டு காதில் ஊறியிருப்பதால், முதலில் மெட்டை முணுமுணுத்துவிட்டு, அதற்குள் தமிழ்ச் சொல்லைத் திணிக்கிறோம். குறில் மேல் நீண்ட ஸ்வரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சினிமாப் பாட்டிலும் குறிலை இழுக்கத்தான் செய்கிறார்கள், உண்மை. தமிழ்நாட்டில் கேட்பவர் மொழியிலேயே வாழ்கிறார், சொல் கொஞ்சம் கோணினாலும் மனசு நேராக்கிக்கொள்ளும். நம் நிலைமை வேறு. 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இறக்கியதிலிருந்து எத்தனையோ தலைமுறை போய்விட்டது. பெரும்பாலான வீடுகளில் இன்று பேச்சு ஆங்கிலம். தமிழ் தங்கியிருப்பது கோயிலில், காவடியில், தேவாரத்தில், சனிக்கிழமை வகுப்பில். அதாவது, நம் ஆட்களுக்குத் தமிழ் வந்து சேர்ந்ததே பாட்டு வழியாக. நீங்கள் கோணலாகப் பாடினால் அவர்களிடம் நேராக்கிக்கொள்ள வேறு தமிழ் இல்லை.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் இதைச் செய்யுங்கள். வரிகளைத் தாளில் எழுதி, நெடில் எழுத்துகளை வட்டமிடுங்கள். மெட்டில் எந்த ஸ்வரங்கள் நீளமானவை என்று மேலே கோடு போடுங்கள். கோடும் வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று வந்தால் நல்லது. வராத இடத்தில் மூன்று வழி உண்டு.

ஒன்று, சொல்லை மாற்றுவது. "என்னை விடு" என்பதை நான் "என்னைப் போக விடு" ஆக்கினேன். உச்ச ஸ்வரம் 'போ'வில் விழுந்தது. வாயும் நன்றாகத் திறந்தது. ஓகாரமும் ஆகாரமும் உயரத்தில் பாட வசதியானவை. ஈகாரத்தில் தொண்டை இறுகும். இரண்டு, நீண்ட ஸ்வரத்தைச் சொல்லின் கடைசிக்குத் தள்ளுவது: 'நேரம்', 'வந்தேன்', 'கடல்' போன்றவற்றில் ம், ன், ல் ஆகியவற்றை மூடிக்கொண்டே நீட்டலாம், பொருள் கெடாது. மூன்று, குறிலைக் குறிலாகவே வெட்டிப் பாடிவிட்டு, மீதி இடத்தைக் கிதாருக்குக் கொடுப்பது. இந்த மூன்றாவது வழியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பாடகர் வாயை மூடும் இடத்தில்தான் பேண்ட் இருக்கிறது என்றே தெரியவரும்.

குற்றியலுகரத்தில் தனிக் கவனம் வேண்டும். 'காற்று', 'பேச்சு', 'வீட்டுக்கு' போன்ற சொற்கள் பேசும்போது பாதி உகரத்தோடு முடிகின்றன. வரிக் கடைசியில் இவற்றை இழுத்தால் "காற்றூஊஊ" என்று நாய் ஊளையிட்ட மாதிரி கேட்கும். நீண்ட ஸ்வரத்தில் முடியும் வரிக்கு இந்தச் சொற்களைக் கொடுக்காதீர்கள்.

எதுகை பற்றி ஒரு சங்கதி. ஆங்கில ராக் பாட்டு வரியின் கடைசியில் ஓசை சேர்க்கும். நமக்கு அது இயைபு. ஆனால் தமிழின் பலம் வரித் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. இது ட்ரம்ஸோடு எவ்வளவு பொருந்தும் என்று எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு பாட்டில் இப்படி எழுதியிருந்தேன்:

கரும்பு வெட்டிய கை
திரும்பி வந்த வழி
அரும்பும் முன்னே அழுதது

வரியின் முதல் எழுத்தான 'க', 'தி', 'அ' மூன்றும் குறில். அவற்றைத் தாளத்துக்கு அரை எண்ணிக்கை முன்னதாகவே எடுத்துவிட்டால், 'ரும்' என்ற எதுகை மூன்று வரியிலும் சரியாக முதல் அடியில், கிக் ட்ரம் விழும் இடத்தில் வந்து உட்காரும். காலம்காலமாகச் செய்யுளுக்கு இருந்த ஒழுங்கை ட்ரம்மர் காலால் மிதித்துக் காட்டுகிறார். கடைசியில் ஓசை சேராவிட்டாலும் பாட்டு கட்டாகக் கேட்கும்.

சொல் எந்த ஊர்த் தமிழாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சென்னைப் பேச்சைக் கடன் வாங்காதீர்கள். சினிமாவில் கேட்டதை நாம் பேசினால் சட்டை பெரிதாகத் தொங்கும். உங்கள் வீட்டில் ஆயாவும் மாமாவும் பேசுகிற தமிழ் எவ்வளவு குறைவோ அவ்வளவே போதும். சரணம் ஆங்கிலத்திலும் பல்லவி தமிழிலும் வைப்பதில் கூச்சம் வேண்டாம். நம் சாப்பாட்டு மேசையில் மொழி அப்படித்தான் கலந்து கிடக்கிறது. ழகரம் மட்டும் ஒரு முறை பயிற்சி செய்யுங்கள். மைக் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது படி: ஸ்ருதி, வேகம், வரைபடம்

ஒவ்வொரு பாட்டையும் அரை ஸ்வரம் மேலும் கீழும் மாற்றிப் பாடிப் பார்த்து, கோரஸின் உச்ச ஸ்வரத்தை மூன்று முறை தொடர்ந்து களைப்பில்லாமல் பாட முடியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிதாருக்கு வசதியான கார்டு எது என்பது இரண்டாம் பட்சம். அதற்குத்தான் கிதார் கழுத்தில் மாட்டி ஸ்ருதியை உயர்த்தும் கேப்போ இருக்கிறது.

வேகத்தை மெட்ரோனோமில் (தாளம் எண்ணும் கருவியில்) பார்த்து எழுதுங்கள். நிமிடத்துக்கு 96 துடிப்புக்கும் 100க்கும் நடுவே தமிழ் வரி மூச்சுத் திணறுவதையோ தளர்வதையோ காணலாம். பாப்-ராக் சாதாரணமாக 90 முதல் 140 வரை போகும். தமிழ்ச் சொற்கள் விகுதி மேல் விகுதி ஏறி நீளமாக இருப்பதால், ஆங்கிலத்தில் பாடுவதைவிட நாலைந்து துடிப்பு குறைத்தால்தான் எனக்குச் சரிவருகிறது.

பிறகு ஒரு பக்கத்தில் வரைபடம்: முன்னிசை 4 பார் (தாளச் சுற்று), சரணம் 16, பல்லவி 8 என்று. ஸ்டூடியோவில் வாய்வழியாக விளக்கிக்கொண்டிருந்தால் கடிகாரம் ஓடும்.

நான்காவது படி: யார் வாசிக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு

ட்ரம்மர், பேஸ், இன்னொரு கிதார், தேவைப்பட்டால் கீபோர்டு. ஒத்திகை ஆறு முறையாவது வேண்டும். கடைசி இரண்டு ஒத்திகையில் மெட்ரோனோமின் கிளிக் ஒலியை ஹெட்ஃபோனில் கேட்டபடி வாசிக்கச் சொல்லுங்கள். கிளிக்கோடு வாசிக்கத் தெரியாதவர் மோசமான கலைஞர் என்று பொருளில்லை. ஆனால் ஸ்டூடியோவுக்குப் போய் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

டர்பன் இருக்கும் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் இருந்துகொண்டு மஸ்காந்தா கிதாரைக் கேட்காமல் பாப்-ராக் போடுவது அநியாயம் என்பது என் கட்சி. ஜூலு கலைஞர்கள் விரலால் மீட்டும் அந்தக் கிதாரில், பாட்டு தொடங்குமுன் 'இஸிஷ்லாபோ' என்று ஒரு வேகமான வீச்சு வரும், நம் ஆலாபனை போல ஸ்ருதியையும் ஆளையும் அறிமுகப்படுத்துவது. அதை நாமே பார்த்து வாசிக்க முயல்வதைவிட, அந்த மரபில் வளர்ந்தவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வதுதான் மரியாதை. பலனும் நன்றாக இருக்கும். அவர் மெட்டில் பங்களித்தால் உரிமையிலும் பங்கு.

பங்கு என்றதும் முகம் சுளிக்கிறோம், 'அண்ணன் தம்பி மாதிரி இருக்கோம், காகிதம் எதுக்கு' என்று. அதற்காகவே காகிதம் வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள்: மெட்டு யார், வரி யார், நூற்றுக்கு எவ்வளவு, கையெழுத்து, தேதி. வாசித்ததற்குக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் தனித்தாள். என் ஆல்பத்தில் ஒரு கிதார் வரி யாருடையது என்று இரண்டு வருஷம் கழித்துப் பேச்சு வந்தது. ஒத்திகை நாளில் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது, ஒரு கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொள்வதில் போய் நின்றது.

ஐந்தாவது படி: ஸ்டூடியோ

போய்ப் பாருங்கள். கை தட்டிப் பாருங்கள். அறை கணகணவென்று எதிரொலித்தால் ட்ரம்ஸ் பதிய வேண்டாம். கேட்க வேண்டியவை: கட்டணம் மணிக்கா நாளுக்கா, பொறியாளர் கூலி அதில் சேர்ந்ததா, பச்சைப் பதிவுகள் யாருக்குச் சொந்தம், எப்போது கையில் கிடைக்கும். இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. நான் பதிவு செய்த இடத்தில் ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்துப்போனது. அதோடு மூன்று பாட்டின் பேஸும் போனது. அன்றன்று மாலை கிளம்புமுன் உங்கள் சொந்த டிஸ்கில் பிரதி எடுக்காமல் வெளியே வராதீர்கள்.

மின்வெட்டு. 2023தான் இந்த நாட்டில் மிக மோசமான வருஷம். 2024 மார்ச் இறுதிக்குப் பின் நிலைமை வெகுவாகத் தேறியது. ஆனாலும் பழக்கத்தை விட வேண்டாம். கணினிக்கு யு.பி.எஸ். இருக்கிறதா என்று பாருங்கள். அது தொடர்ந்து பதிவு செய்வதற்கு அல்ல, சேமித்து மூடுவதற்கு. இன்வெர்ட்டரில் ஓடும் ஸ்டூடியோ என்றால், கிதார் ஆம்ப்பைப் போட்டுச் சும்மா கேளுங்கள். மலிவான இன்வெர்ட்டர் ஆம்ப்பில் ஒரு இரைச்சலைக் கொண்டுவரும். அதைப் பிறகு எடுப்பது கஷ்டம்.

டர்பன் ஈரம் இன்னொரு பிரச்சினை. கடற்கரைக் கோடையில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அக்கூஸ்டிக் கிதாரின் மேல்பலகை ஊதி கம்பி உயரும். ஜோஹன்னஸ்பர்க் ஸ்டூடியோவுக்குக் குளிர்காலத்தில் எடுத்துப் போனால் நேர்மாறு: கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே, வறண்ட காற்று, மரம் சுருங்கி வெடிக்கும். கிதாருக்குப் பிடித்த ஈரப்பதம் ஏறத்தாழ 45 முதல் 50 சதவீதம். பெட்டிக்குள்ளேயே, டர்பனில் சிலிக்கா ஜெல், ஜோஹன்னஸ்பர்க்கில் ஈரம் தரும் குப்பி. பதிவுக்கு இரண்டு நாள் முன் புதுக் கம்பி போட்டு நன்றாக இழுத்துவிடுங்கள். அன்றைக்கே போட்டால் ஸ்ருதி நிற்காது.

ஆறாவது படி: இசைக்கருவிகளைப் பதிதல்

கோப்பு அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். 24 பிட்டில் போதிய இடம் இருக்கிறது. அளவை உச்சிக்குத் தள்ள வேண்டியதில்லை. சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கம், உச்சங்கள் மைனஸ் 10ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த டேக் (ஒரு முறை வாசித்த பதிவு) போயிற்று.

முதலில் வழிகாட்டிக் குரலும் கிதாரும் கிளிக்கோடு. பிறகு ட்ரம்ஸ். பத்துப் பாட்டு ட்ரம்ஸுக்கு இரண்டு முழு நாள் வையுங்கள், முதல் அரை நாள் ட்ரம்மை ஸ்ருதி சேர்க்கவும் மைக் வைக்கவும் போய்விடும். எட்டு மைக் இருந்தால் சந்தோஷம். நாலே இருந்தாலும் ராக் பதியலாம்: கிக், ஸ்நேர், தலைக்கு மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கயிறை வைத்து அளந்துவிடுங்கள். தூரம் பிசகினால் ஒலி அலைகள் ஒன்றையொன்று தின்று, ஸ்நேர் அட்டைப்பெட்டி மாதிரி ஆகும்.

பேஸை மைக் இல்லாமல் நேரடி இணைப்பில் பதியுங்கள். ஆம்ப் இருந்தால் அதையும் சேர்த்து.

மின் கிதாருக்கு ஷூர் எஸ்.எம். 57. 1965 முதல் வருகிற மைக். விலையும் அதிகமில்லை, இதைவிட்டு வேறு தேடத் தேவையில்லை. ஆம்ப் துணியிலிருந்து இரண்டு விரல் தூரம். ஒலிபெருக்கிக் கூம்பின் நடுவில் வைத்தால் கூர்மை, விளிம்புக்கு நகர்த்தினால் கனிவு. ஒரு ஆள் மைக்கை நகர்த்த, நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். பொத்தான்களால் செய்வதைவிட இது சீக்கிரம் முடியும். ஒரே பகுதியை இரு முறை தனித்தனியாக வாசித்து இடமும் வலமுமாக விரித்தால் கோரஸ் அகலும். ஒரே டேக்கைப் பிரதியெடுத்து இரு பக்கமும் போட்டால் அகலாது, சத்தம்தான் கூடும்.

கோயில் வாத்தியம் சேர்க்க ஆசை வரும். வரட்டும். ஆனால் ஹார்மோனியத்தையும் நாதஸ்வரத்தையும் கிதார் ட்யூனருக்கு இழுக்க முடியாது. எங்கள் வீட்டு ஹார்மோனியம் கால் ஸ்வரம் கீழே நிற்கிறது. அப்படிப்பட்ட பாட்டில் ஹார்மோனியத்தை முதலில் பதிந்து, அதற்குக் கிதாரும் பேஸும் இறங்கிவர வேண்டும். மிருதங்கம் பாட்டின் ஆதார ஸ்ருதியில் இருக்க வேண்டும், ஆகவே வாசிப்பவருக்குப் பாட்டின் ஸ்ருதியை முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லா ஸ்ருதிக்கும் ஒரே மிருதங்கம் வராது. மேளத்தை ட்ரம்ஸோடு சேர்த்தால் கிக் ட்ரம்மும் மேளத்தின் அடிப்பக்கமும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்ளும். ஒன்று வாசிக்கும்போது மற்றது சும்மா இருக்கட்டும். காவடி நாளில் கேட்கும் கனத்தை இரண்டும் சேர்ந்து தரும் என்று நினைத்தேன். வெறும் குழப்பம்தான் வந்தது.

ஏழாவது படி: குரல்

பணம் தீர்ந்துபோன பிறகு கடைசி மாலையில் அவசரமாகப் பாடப்படுவது குரல். பெரும்பாலான ஆல்பங்களின் கதை இது. குரலை வீட்டிலேயே பதிந்துகொள்ள முடிந்தால் அவசரம் இராது. ஒரு கண்டென்ஸர் மைக், அதற்கு 48 வோல்ட் தந்து கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், காற்றுத் தடுப்பு வலை, மூடிய ஹெட்ஃபோன். அறை? என் அம்மாவின் புடவை அலமாரியைத் திறந்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடினேன். பட்டும் பருத்தியும் நிறைந்த அலமாரியைப் போல எதிரொலியை விழுங்கும் சுவர் வேறில்லை.

மைக்கிலிருந்து 15, 20 சென்டிமீட்டர். கோரஸில் சற்றுப் பின்வாங்குங்கள். ஆங்கிலத்தில் பகரம் காற்றோடு வெடித்து மைக்கை அடிக்கும். தமிழ்ப் பகரத்தில் அந்தக் காற்று இல்லை. ஆங்கிலத்தில் பேசியே வளர்ந்த நம் வாயில் அது திரும்ப வந்துவிடுகிறது. 'ப' வெடித்தால், மைக்கைக் குறை சொல்லாமல் உச்சரிப்பைத் திருத்துங்கள். நாக்கு தமிழுக்கு வந்துவிட்டதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

ஒரு பாட்டுக்கு முழுசாக ஐந்தாறு டேக். பிறகு வரிவரியாக நல்லதைத் தொகுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். விடிகாலையில் பதியத் திட்டமிட்டிருந்தால், ஹடீடாப் பறவைகளைக் கணக்கில் எடுங்கள். கூரை மேல் உட்கார்ந்து அவை கத்தும் கத்தலை வடிகட்ட எந்த மென்பொருளும் இல்லை. என் ஒன்பதாவது பாட்டின் இறுதியில் ஒன்று இருக்கிறது, விட்டுவிட்டேன்.

முடிந்ததும், தமிழ் தெரிந்த ஒருவரிடம் வரிகளைக் காட்டாமல் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதும் நீங்கள் எழுதியதும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே மறுபடி பாடுங்கள். மிக்ஸிங்குக்கு முன்னால் இதைச் செய்வதில்தான் காசு மிச்சம்.

எட்டாவது படி: மிக்ஸிங்

நீங்களே செய்யாதீர்கள் என்பேன். உங்கள் காது செத்திருக்கும். செய்பவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியது ஒன்றுதான்: சொல் புரிகிறதா? மெய்யெழுத்துகளின் தெளிவு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. மின் கிதாரின் கடிப்பும் அங்கேயேதான். குரலை உயர்த்திக்கொண்டே போவதற்குப் பதில், பாடும் இடங்களில் கிதாரில் அந்தப் பகுதியை இரண்டு மூன்று டெசிபல் இறக்கினால் போதும். தமிழ் தெரியாத பொறியாளர் குரலை ஒரு வாத்தியமாகக் கேட்டு உள்ளே புதைப்பார், தப்பு அவருடையதல்ல. நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்து அறையில் பேச்சு கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு காரில், பிறகு ஃபோனின் சின்ன ஒலிபெருக்கியில். மூன்றிலும் பாட்டு நின்றால் மிக்ஸ் முடிந்தது.

ஒன்பதாவது படி: வரிசையும் மாஸ்டரிங்கும்

பாட்டு வரிசையை முடிவு செய்ய ஒரு வாரம் எடுங்கள். உங்களுக்கு மிகப் பிடித்ததை முதலில் வைக்க வேண்டியதில்லை. இருபது நொடியில் குரல் வந்துவிடுகிற பாட்டை வையுங்கள். அடுத்தடுத்து ஒரே ஸ்ருதி வேண்டாம். மெதுவானது ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வரட்டும், பழைய தட்டின் பக்கம் திரும்பும் இடம்.

மாஸ்டரிங், அதாவது மிக்ஸ் முடிந்த பாட்டுகளுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு, வேறொருவர் கையில் போகட்டும். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு) என்ற அளவுக்குச் சமப்படுத்தியே ஒலிக்கவிடும். ஆகவே சத்தப் போட்டியில் இறங்குவது வீண். உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குக் கீழே இருக்கச் சொல்லுங்கள்.

பத்தாவது படி: எண்களும் சங்கங்களும்

சலிப்பான வேலைதான், ஆனால் பணம் வரும் வழி இது.

தென்னாப்பிரிக்காவில் பாட்டுக்குப் பதிப்புரிமைப் பதிவு என்று ஒன்று கிடையாது. 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் சட்டப்படி, தாளிலோ பதிவிலோ இறங்கிய உடனே உரிமை உங்களுடையது. இசைப் படைப்புக்கு அது இயற்றியவரின் ஆயுளும் அதற்குப் பின் ஐம்பது வருஷமும். 'பதிந்து தருகிறேன், காசு கொடு' என்று யாராவது வந்தால் வாசலைக் காட்டுங்கள்.

நாலு அமைப்புகளின் பெயர்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1961இல் தொடங்கிய சாம்ரோ, பாட்டை இயற்றியவருக்காக: வானொலியிலோ மேடையிலோ கடையிலோ பாட்டு ஒலிக்கும்போது வசூலிக்கிறது. கப்பாஸோ, அதே இயற்றியவருக்காகவே, பாட்டு பிரதியாகும்போது: தட்டு, பதிவிறக்கம், ஸ்ட்ரீமிங். சாம்ப்ரா, பதிவில் பாடி வாசித்தவர்களுக்கும் பதிவுக்குச் சொந்தக்காரருக்கும். நீங்களே எழுதி, நீங்களே பாடி, உங்கள் காசிலேயே பதிந்திருந்தால் மூன்றிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. நாலாவது ரிசா, ஐ.எஸ்.ஆர்.சி. எண் தருவது. 12 குறிகள் கொண்ட அந்த எண் ஒவ்வொரு பதிவுக்கும் தனி. வானொலிக்காக வெட்டிச் சுருக்கிய வடிவத்துக்கும் தனி எண் வேண்டும். உங்களிடம் நேரடியாக எண் இல்லாவிட்டால், பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றிவிடும் விநியோகிப்பவரே ஒதுக்கிக் கொடுப்பார். எதுவானாலும் மாஸ்டரிங் செய்பவரிடம் கொடுத்துக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

தேவாரமோ திருப்புகழோ எடுத்து ராக் ஆக்கியிருந்தால், வரிகள் பொதுச்சொத்து. ஆனால் நீங்கள் எடுத்த மெட்டு, இசையமைத்தவர் இறந்து ஐம்பது வருஷம் ஆகாததாக இருக்கலாம். சினிமாப் பாட்டின் மெட்டுக்கு வேறு வரி போட்டால் அனுமதி கட்டாயம்.

பதினொன்றாவது படி: வெளியே விடுதல்

விநியோக நிறுவனத்துக்கு நாலு வாரம் முன்பே கோப்புகளை அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் குழுவுக்குப் பாட்டை முன்மொழிய வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பு அது அங்கே இருக்க வேண்டும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல். பாட்டின் பெயரை எந்த எழுத்தில் போடுவது என்று ஒரே முடிவாக எடுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் மூன்று விதம் என்று கலந்தால் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

லோட்டஸ் எஃப்.எம். போன்ற வானொலிக்கு மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கும் ஒரு பாட்டைத் தயார் செய்து, பாட்டின் பொருளை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். அறிவிப்பாளருக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். மேடையில் பாடினால் அன்றன்றைய பாட்டுப் பட்டியலைச் சாம்ரோவுக்கு அனுப்பும் பழக்கத்தை முதல் கச்சேரியிலேயே தொடங்குங்கள்.

கடைசியாக, நூறு சிடி அடியுங்கள். இந்தக் காலத்தில் சிடியா என்பார்கள். கோயில் மண்டபத்தில் கச்சேரி முடிந்து வெளியே வரும் மாமியிடம் இணைப்பு முகவரி கொடுத்துப் பாருங்கள், பிறகு தெரியும். கூடவே வரிகள் அச்சிட்ட சின்னப் புத்தகம்: இடப்பக்கம் தமிழில், வலப்பக்கம் அதே வரி ஆங்கில எழுத்தில். எழுத்து பெரிதாக, 12 புள்ளிக்குக் குறையாமல். வலப்பக்கத்தில் நெடிலுக்கு இரட்டை உயிரெழுத்து போடச் சொல்லுங்கள். அச்சகத்தில் தமிழ் எழுத்துருவில் கொம்பும் காலும் இடம் மாறி வருவது வழக்கம். எங்கள் முதல் நூறு பிரதியில் நாலாவது பாட்டு முழுவதும் அப்படிச் சிதறியது. மாதிரிப் பிரதியைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே அச்சுக்குச் சரி சொல்லுங்கள்.